0.4292 எந்த வீட்டுப் பிள்ளை? தசம விடைகளைக் குறியீட்டு வடிவத்துக்கு மாற்றிய அனுபவம்

திருகோணமலை உவர்மலைப் பக்கம் நான் இணைந்த கணிதம் படிப்பிக்கும் ரியூஷன் நிலையத்தில் ஒரு எக்செல் கோப்பு கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது. முன்பு அங்கே படிப்பித்த ஆசிரியர் ஒருவர் சேர்த்த பயிற்சி வினாக்களும் விடைகளும் அதில் உண்டு. வினாக்கள் அருமையானவை. கோணேசர் மலை உச்சியிலிருந்து கல் விழும், சீனக்குடாத் தாங்கியில் எண்ணெய் மட்டம் ஏறும், கிண்ணியாப் பாலத்தில் இரண்டு பஸ் எதிரெதிரே வரும். விடைகள்தான் தலையிடி. எல்லாம் தசமத்தில் இருக்கின்றன: 0.4292, 0.2588, 4.8990. உயர்தரப் பிள்ளைக்கு √6 என்றோ π/8 என்றோ வரும் விடையைத் தசமத்தில் கொடுத்தால், தான் செய்தது சரியா என்று அவன் ஒப்பிட்டுப் பார்க்கக்கூட வழியில்லை. இந்த முறை அச்சுக்குக் கொடுக்க முன் எல்லாவற்றையும் குறியீட்டு வடிவத்துக்கு மாற்றிவிடுவது என்று இறங்கினேன்.

கையில் இருந்தவை ஒரு பழைய லாப்டொப், பைதன் என்ற கணினி மொழி, அதற்குள் சிம்பை, எம்பிமாத் என்ற இரண்டு இலவச நூலகங்கள். சிம்பையில் என்சிம்பிளிஃபை என்று ஒரு சார்பு உண்டு. தசமத்தைக் கொடுத்தால் குறியீட்டு வடிவம் தரும். எம்பிமாத்தில் அதே வேலைக்கு ஐடென்டிஃபை. என்சிம்பிளிஃபை உள்ளுக்குள் இந்த ஐடென்டிஃபையைத்தான் கூப்பிடுகிறது.

முதலில் பின்னங்கள். நிகழ்தகவுக் கணக்குகளின் விடைகள் எல்லாம் விகிதமுறு எண்கள் என்பதால் அவை லேசாக முடியும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: 0.1 ஐ அப்படியே சிம்பையின் பின்ன வகைக்குள் போட்டால் 1/10 வராது. 3602879701896397/36028797018963968 என்று ஒரு பூதம் வரும். கணினி 0.1 ஐ இரும எண்ணாக 53 பிட்டுக்குள் வைத்திருக்கிறது, அது உண்மையில் வைத்திருக்கும் எண் இதுதான். பொய் சொல்லவில்லை, ஆனால் நமக்கு வேண்டியது அதுவல்ல. மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுத்தால், அல்லது என்சிம்பிளிஃபையிடம் கொடுத்தால், 1/10 வரும்.

இன்னொன்று, 0.2857 என்று நாலு தானத்தோடு நிற்பவை. இதை எழுத்துக்கு எழுத்து மாற்றினால் 2857/10000. யாருக்கும் அது வேண்டாம். பைதனின் பின்ன வகையில் பகுதியெண்ணுக்கு எல்லை கட்டும் வசதி உண்டு. நூறுக்கு மேல் போகாதே என்றால் 2/7 என்று தருகிறது. இந்த நூறு என்ற எல்லையை நான் குத்துமதிப்பாக எடுக்கவில்லை. பகுதியெண் 100க்கு மேற்படாத இரண்டு வெவ்வேறு பின்னங்களுக்கு இடையில் குறைந்தது 1/9900 இடைவெளி இருக்கும். அது 0.0001 ஐவிடச் சற்றே கூட. ஆகவே நாலு தசமதானத்துக்கு மட்டந்தட்டிய ஓர் எண்ணுக்குள் அப்படியான பின்னம் ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டு இருக்க முடியாது. பிறகு வந்த பின்னத்தைத் திரும்பத் தசமமாக்கி, மட்டந்தட்டி, பழைய எண்ணோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இந்தத் திரும்பிப் பார்க்கும் வேலை கட்டாயம். 0.4142 ஐக் கொடுத்தால் மென்பொருள் 41/99 என்று ஏதோ ஒன்றைத் தந்துவிடும், ஆனால் அதை மட்டந்தட்டினால் 0.4141. அதாவது பகுதியெண் 100க்குள் 0.4142 க்குப் பின்னமே கிடையாது. அது √2 − 1 என்று கண் உள்ளவனுக்குத் தெரியும்.

ஒரே ஒரு பின்னம்தான் இருக்க முடியும் என்பதற்காக அதுதான் விடை என்று ஆகிவிடாது. 0.2588 க்கு 22/85 கச்சிதமாகப் பொருந்துகிறது. முக்கோணக் கணக்கொன்றின் விடை அது. முக்கோணத்துக்குள் 85 எங்கிருந்து வரும்? அது சைன் 15°.

இனி 0.4292. கோப்பு முழுவதிலும் என்னை அதிகம் மினக்கெடுத்தியது இந்த ஒற்றைக் கலம்தான்.

வினா ஒரு தொகையீடு: தொகுதியில் எக்ஸ் வர்க்கத்தின் இருமடங்கு, பகுதியில் ஒன்று கூட்டல் எக்ஸ் வர்க்கம், எல்லை 0 முதல் 1 வரை. கலத்தில் தெரிந்தது 0.4292. எக்செல் காட்டுவது நாலு தானம் என்றாலும் உள்ளே பதினைந்து பொருளுடை இலக்கம் வரை வைத்திருக்கும் என்பதால் கலத்தை விரித்தேன். 0.4292120065 என்று நீண்டது. சந்தோஷமாக π ஐயும் சேர்த்து என்சிம்பிளிஃபையிடம் கொடுத்தால், உருப்படியாக ஒன்றும் வரவில்லை. பிறகுதான் கலத்துக்குள் இருந்த சூத்திரத்தைப் பார்த்தேன். ஆசிரியர் சரிவக விதியால் நூறு கீற்றாக வெட்டிக் கூட்டியிருக்கிறார். இந்தச் சார்புக்கு, கீற்றின் அகலம் 0.01 ஆக இருக்கும்போது, சரிவக விதி தரும் வழு கிட்டத்தட்ட அகலத்தின் வர்க்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 0.0000083. கலத்தில் பத்து இலக்கம் நின்றாலும் உண்மை நாலாவது தானத்தோடு முடிந்துபோகிறது. மீதி எல்லாம் கணிப்பு முறையின் கசடு. இலக்கம் எத்தனை தெரிகிறது என்பதும் இலக்கம் எத்தனை சரி என்பதும் வேறு வேறு. மென்பொருளுக்கு அந்த வேறுபாடு தெரியாது, எவ்வளவு வழுவைப் பொறுக்கலாம் என்று நாம் சகிப்பு அளவாகச் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு.

சரி, நம்பத்தக்க நாலு தானத்தை மட்டும் வைத்துக்கொள்வோம் என்றால் உரிமை கோரி வருபவர்கள் கூடிவிடுகிறார்கள். 2 − π/2 வருகிறது. 97/226 வருகிறது. 7/38 இன் வர்க்கமூலம் வருகிறது. 192/125 இன் இயற்கை மடக்கையும் வருகிறது, அதைப் பிரித்தால் 2, 3, 5 என்பவற்றின் மடக்கைகள் மட்டுமே இருக்கும், பார்க்க மிக ஒழுங்கான விடை. நாலையும் மட்டந்தட்டினால் நாலும் 0.4292.

இது தற்செயல் அல்ல, எண்ணிப் பார்த்தால் விளங்கும். ஒரு நிறைவெண், π இன் மடங்கு ஒன்று, √3 இன் மடங்கு ஒன்று ஆகிய மூன்றையும் கூட்டி, இன்னொரு நிறைவெண்ணால் வகுக்கும் வடிவங்களை மட்டும் எடுங்கள். மூன்று குணகங்களும் −20 முதல் 20 வரை, வகுக்கும் எண் 1 முதல் 20 வரை. 41 × 41 × 41 × 20 = 1,378,420 கோவைகள். அவற்றில் ஒரு இலட்சம் அளவில் 0க்கும் 1க்கும் இடையில் வந்து விழும். அந்த இடைவெளிக்குள் நாலு தானத் தசமங்கள் இருப்பதோ வெறும் 10,000. ஒவ்வொரு தசமத்துக்கும் சராசரியாகப் பத்துப் பேர் உரிமை கோருவார்கள். மடக்கையையும் மற்ற வர்க்கமூலங்களையும் உள்ளே விட்டால் கேட்கவே வேண்டாம்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் நமக்கு வேண்டிய விதி கிடைக்கிறது. நாலு உறுப்புகளுக்கு (நம் எண், 1, π, √3) இடையில் தொடர்பு தேடுகிறோம், குணகங்கள் மூன்று இலக்கம் வரை போகலாம் என்றால், குறைந்தது 4 × 3 = 12 இலக்கம் சரியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் இரண்டு மூன்று கூட இருந்தால்தான் நிம்மதி. எம்பிமாத் இயல்பாகவே குணக எல்லையை 1000 என்று வைத்திருக்கிறது. உயர்தரக் கணக்கு விடையில் ஐம்பதைத் தாண்டிய குணகத்தை நான் அதிகம் கண்டதில்லை, எனவே அதை 50க்கு இறக்கினேன். தேடும் இடம் சுருங்கச் சுருங்கப் பொய்ப் பொருத்தங்களும் குறைகின்றன.

அப்புறம் தொகையீட்டை எம்பிமாத்தின் எண்முறையால் 30 இலக்கத்துக்கு மறுபடி கணித்தேன்: 0.42920367320510338076867830836. இப்போது ஒவ்வொருவராகக் கழல்வதைப் பார்க்கலாம். மடக்கை விடை 0.42918 என்று ஐந்தாவது தானத்தில் போய்விட்டது. வர்க்கமூலம் 0.429198, ஆறாவதில் போனது. 97/226 மட்டும் விடாப்பிடியாக நின்று, ஏழாவது தானத்தில் 0.4292035 என்று பிடிபட்டது, உண்மையானது 0.4292037. அந்தப் பின்னம் ஏன் இவ்வளவு தூரம் தாக்குப்பிடித்தது? π க்கு 355/113 என்ற புகழ்பெற்ற அண்ணளவை 2 − π/2 இல் போட்டுப் பாருங்கள், 97/226 தான் வரும். அண்ணளவு எவ்வளவு நல்லதோ அவ்வளவு நேரம் வேஷம் நிலைக்கும்.

இதற்குப் பிறகு வேலை முறையையே மாற்றினேன். கோப்பில் ஒரு புதிய நிரல் (நெடுக்கு வரிசை) சேர்த்து, ஒவ்வொரு வினாவும் என்ன குடும்பம் என்று எழுதினேன். நிகழ்தகவு என்றால் பின்னம் மட்டும். முக்கோணம், விசைகள் என்றால் √2, √3, √6. பகுதியில் ஒன்று கூட்டல் எக்ஸ் வர்க்கம் உள்ள தொகையீடு என்றால் π உம் 2 இன் மடக்கையும். மென்பொருள் அந்தக் குடும்பத்தின் மாறிலிகளை மட்டும் வைத்துத் தேடும். எல்லா மாறிலியையும் ஒரே கும்பலாகக் கொடுத்துவிட்டு நல்லதைப் பொறுக்கலாம் என்று நினைப்பது வீண். கும்பல் பெருக்கப் பெருக்க நல்லது அல்ல, தற்செயல்தான் முதலில் வரும்.

தேடும் பொறியின் பெயர் பிஎஸ்எல்க்யூ. ஹெலமன் ஃபெர்குசனும் டேவிட் பெய்லியும் 1992இல் வெளியிட்ட வழிமுறை. சில மெய்யெண்களைக் கொடுத்தால், அவற்றை நிறைவெண்களால் பெருக்கிக் கூட்டும்போது பூச்சியம் வரச் செய்யும் நிறைவெண்களைத் தேடித் தரும். π க்கான பதினாறடிச் சூத்திரத்தை (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்) 1995இல் சைமன் பிளூஃப் கண்டதும் இந்த வகைத் தேடலால்தான். இடையிலுள்ள இலக்கங்களைக் கணிக்காமலே π இன் ஏதோ ஒரு பதினாறடி இலக்கத்துக்கு நேரே போகும் சூத்திரம் அது. நம்முடைய ரியூஷன் தாளுக்கு இவ்வளவு பெரிய ஆயுதமா என்று கேட்கலாம். இலவசமாகக் கிடைக்கும்போது எடுப்பதில் என்ன!

வர்க்கமூலக் கணக்குகளில் வேறு ஒரு சில்லறைத் தொல்லை. சைன் 15° இன் பதினைந்து இலக்கத்தைக் கொடுத்தால் வருவது, 2 − √3 இன் வர்க்கமூலத்தில் பாதி. சரிதான், ஆனால் புள்ளித்திட்டத்தில் பிள்ளைகள் தேடுவது (√6 − √2)/4. இரண்டும் ஒன்றே என்று வர்க்கித்துப் பார்த்தால் தெரியும். மூலத்துக்குள் மூலம் இருப்பதை அவிழ்க்கச் சிம்பையில் தனிச் சார்பு இருக்கிறது, அதை ஒருமுறை ஓட்டினால் போதும். எம்பிமாத்தின் ஐடென்டிஃபை இன்னும் மோசம். 0.881373587019543 ஐக் கொடுத்தால், 2 கூட்டல் √8 ஐ இரண்டால் வகுத்து அதன் மடக்கை என்கிறது. 1 + √2 இன் மடக்கை என்று சொன்னால் வாய் நோகுமா? சுருக்குவதைத் தனியாகத்தான் செய்ய வேண்டும்.

சைன் 10° போன்றவற்றில் வர்க்கமூலத்தைத் தேடிப் பயனில்லை. ஃபைண்ட்பாலி என்ற சார்பிடம் மூன்றாம் படி என்று சொல்லிக் கொடுத்தால், அந்த எண்ணை மூலமாகக் கொண்ட பல்லுறுப்பியின் குணகங்களைத் தரும்: 8, 0, −6, 1. மும்மடங்குக் கோணச் சூத்திரத்தில் சைன் 30° ஐப் போட்டால் வரும் அதே சமன்பாடு. இந்த மாதிரி இடத்தில் சைன் 10° என்று எழுதுவதுதான் குறியீட்டு வடிவம், அதற்கு மேல் சுருக்கம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த வரிசை வேறு. 1 கூட்டல் டான் எக்ஸ் என்பதன் இயற்கை மடக்கையை 0 முதல் π/4 வரை தொகையிடும் பழைய கணக்கு. விடை 0.2721982613. குடும்ப நிரலில் π, 2 இன் மடக்கை, 1 என்று போட்டு, 30 இலக்கம் கொடுத்து ஓட்டினேன். தொடர்பு இல்லை என்று வெறுங்கையோடு வந்தது. இல்லை என்றால் எண்ணுக்கு வடிவமே இல்லை என்று பொருளல்ல. கொடுத்த எண்களின் கூட்டலாக, கொடுத்த குணக எல்லைக்குள் இல்லை, அவ்வளவுதான். π ஐயும் 2 இன் மடக்கையையும் பெருக்கி அந்தப் பெருக்கத்தையே ஒரு மாறிலியாகக் கொடுத்ததும் 8, −1 என்று உடனே விழுந்தது: π பெருக்கல் 2 இன் மடக்கை, அதில் எட்டில் ஒன்று. எக்ஸுக்குப் பதிலாக π/4 கழித்தல் எக்ஸ் என்று மாற்றிப் போடும் தந்திரம் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெருக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். தெரியாவிட்டால் அதைக் கொடுக்கவே தோன்றாது.

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த நிலாவெளிப் பெடியன் கேட்டான்: "சேர், கேள்வியே கையில இருக்கு. நேரா தொகையீடு செய்யச் சொன்னாப் போச்சுதானே?"

"செய்து பார் தம்பி" என்றேன். முதல் கணக்குக்குச் சிம்பை கண் மூடித் திறப்பதற்குள் 2 − π/2 என்று கொடுத்தது. இந்த மடக்கைக் கணக்குக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் பொறுமையிழந்து நிறுத்திவிட்டோம். அவன் சொன்னதில் நியாயம் உண்டு. வினா முழுதாக இருந்து, மென்பொருளுக்கு அது தெரிந்த வகையாகவும் இருந்தால் நேர்வழிதான் நல்லது, அதில் வருவது நிறுவப்பட்ட விடை. எண்ணிலிருந்து பிடிப்பது ஊகம். 30 இலக்கத்தில் பிடித்து 60 இலக்கத்தில் சரிபார்த்தாலும் அது மிக நல்ல ஊகம்தான்.

நம் ஆட்களுக்கு இதில் நல்ல உதாரணம் இராமானுஜன் தந்திருக்கிறார். 2143/22 இன் நான்காம் மூலம் 3.14159265258 என்று வரும். π க்கு 1914இல் அவர் கொடுத்த அண்ணளவுகளில் அது ஒன்று, எட்டுத் தசமதானம் வரை பிழையில்லை. எட்டு இலக்கத்தில் நிற்கும் கல்குலேட்டர்க்காரன் இரண்டையும் ஒன்றென்றே சொல்வான். அதையும் மிஞ்சியது, √163 ஐ π ஆல் பெருக்கி இயற்கை மடக்கையின் அடியை அந்த அடுக்குக்கு ஏற்றினால் வரும் எண்: 262537412640768743.99999999999925. தசமப் புள்ளிக்குப் பிறகு 12 ஒன்பதுகள். 25 இலக்கத்தோடு நிறுத்தினால் எந்த மென்பொருளும் அதை நிறைவெண் என்றுதான் அறிவிக்கும்.

பிடித்த விடைகளைச் சரிபார்க்க நான் வைத்த முறை எளிது. 15 இலக்கத்தில் ஒரு தடவை தேடல், பிறகு எண்ணையும் விடையையும் தனித்தனியே 40 இலக்கத்துக்குக் கணித்துக் கழித்தல். வித்தியாசம் நாற்பதாவது தானத்துக்கு அருகே போனால் எடுத்துக்கொள், பதினாறாவதிலேயே நின்றுவிட்டால் தூக்கிப் போடு. பிழையான பொருத்தம் தேடிய இலக்கத்துக்கு மேல் வழக்கமாக ஓரிரு தானத்துக்கு அப்பால் தாண்டாது.

மற்ற மென்பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. திருகோணமலை வளாகத்தில் படிக்கும் பழைய மாணவன் ஒருவன் மேட்லாப்பில் ஓட்டிக் காட்டினான். அங்கே சிம் என்ற சார்பு, சொல்லாமலே, எண்ணைச் சிறிய பின்னம், π இன் பின்ன மடங்கு, பின்னத்தின் வர்க்கமூலம் போன்ற வடிவங்களோடு ஒப்பிட்டுத் திருத்திவிடும். வசதிதான், ஆனால் 2 − π/2 போன்ற கூட்டல் அதன் பட்டியலில் இல்லை. மேக்சிமா 0.1 ஐ 1/10 ஆக்கும்போது, இதை இதனால் மாற்றினேன் என்று ஒரு வரி அச்சிட்டுவிட்டுத்தான் மாற்றும். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. வகுப்பில் திரையில் காட்ட ஜியோஜீப்ராவின் சர்ட்டெக்ஸ்ட் போதும், பிள்ளைகளின் போனிலும் ஓடும். எண்ணை மட்டும் கொடுத்தால் அது தேடுவது வர்க்கமூல வடிவங்களைத்தான்.

இனி மாற்றக்கூடாதவை. கோணேசர் மலைக் கணக்கு 120 மீற்றர் உயரத்திலிருந்து கல்லைப் போடச் சொல்கிறது. புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 என்று எடுத்தால் நேரம் 2√6 செக்கன், 4.8990. அதே கணக்கு இன்னோர் இடத்தில் 9.8 உடன் வருகிறது, விடை 4.9487. மென்பொருள் அதற்கு 20√3/7 என்று அழகாகத் தருகிறது, எத்தனை இலக்கத்துக்குப் போனாலும் பொருந்துகிறது. பொருந்தாமல் என்ன செய்யும், 9.8 என்பது 49/5, 49க்கு வர்க்கமூலம் 7. ஆனால் 9.8 ஓர் அளவீடு, அதன் இரண்டாவது இலக்கத்தோடு நம்முடைய அறிவு முடிகிறது. அதற்கு மேல் √3 ஐ ஏற்றிவைத்தால், கல் அளந்து விழுந்தது போல ஒரு பாவனைதான் மிஞ்சும். அந்த வரிசையை 4.9 செக்கன் என்று திருத்தி, 10 உடன் உள்ள வரிசையை மட்டும் 2√6 ஆக்கினேன்.

கடைசியில் மாறாமல் நின்றவற்றில் ஒன்று சைன் வளையியின் நீளம், 0 முதல் π வரை, 3.8202. ஆசிரியர் அதையும் கீற்று வெட்டித்தான் எடுத்திருக்கிறார். மறுபடி கணித்தால் 3.8201977890. π, √2, மடக்கை, அவற்றின் பெருக்கங்கள் என்று எதைக் கொடுத்தாலும் பிஎஸ்எல்க்யூ கையை விரித்தது. விரிக்கத்தான் வேண்டும், அது நீள்வட்டத் தொகையீடு, பள்ளிக்கூடத்தில் தெரிந்த சார்புகளால் எழுத வராது. அதற்கு அண்ணளவுக் குறி போட்டு, வினாவின் முடிவில் "மூன்று தசமதானங்களுக்குத் திருத்தமாக" என்று சேர்த்து, கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினேன்.